இரு பட்டியலுக்கும் நடுவே: பிரெஞ்சிந்தியக் கலப்பினத்தார், இருபாலீர்ப்பு, நல்வாழ்வு – நெட்டப்பாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கலப்பினப் பிறப்பையும் இருபாலீர்ப்பையும் ஒருங்கே தாங்கி வாழ்வோரின் நல்வாழ்வு இன்று பெரும்பாலும் உளவியல் துறையின் ஆய்வுப்பொருளாக உள்ளது. இக்கட்டுரை அதனை வரலாற்றின் பக்கமிருந்து அணுகுகிறது. பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் கலப்பினத்தாரை ஏதேனும் ஒரு பட்டியலில் அடக்கின. திருமணப் பதிவேடு இருபாலீர்ப்பாளரின் வாழ்வில் ஒரு பாதியை மட்டும் எழுதிக்கொண்டது. இவ்விரு மறைவுகளும் ஒரே முறையில் நிகழ்ந்தவை என்பதும், நல்வாழ்வு குறித்த வினாவை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. 1954-இல் விடுதலை இயக்கத்தின் களமாக விளங்கிய எல்லையூரான நெட்டப்பாக்கமும், ஓவியர் அம்ரிதா சேர்கிலின் வாழ்வும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சிந்தியா, நெட்டப்பாக்கம், கலப்பினத்தார், இருபாலீர்ப்பு, பிரிவு 377, எதுவார்ட் குபேர், அம்ரிதா சேர்கில், நல்வாழ்வு

வரப்பின் இருபுறமும் இரு சட்டங்கள்

புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலத்துண்டாக அமைந்ததன்று. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊர்களும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் நவாபுகள் அளித்த ஊர்க்கொடைகளும், போர்களில் இழந்தவற்றை 1816–17இல் பிரெஞ்சுக்காரர் மீளப்பெற்ற முறையும் இந்தத் துண்டு நிலவரைபடத்தை உருவாக்கின. வில்லியனூர், பாகூர் போலவே நெட்டப்பாக்கமும் அதனைச் சூழ்ந்த மடுகரை, ஏம்பலம், கரியமாணிக்கம் முதலிய ஊர்களும் இத்தகைய எல்லைப்புற வாழ்வையே வாழ்ந்தன. ஏரிப்பாசனம், கரும்பு, நெல், உறவுமுறை, திருவிழா ஆகிய எவற்றிலும் வரப்புக்கு இப்பால் உள்ளவர்க்கும் அப்பால் உள்ளவர்க்கும் வேறுபாடு இல்லை. சட்டத்தில் மட்டும் இருந்தது.

அச்சட்ட வேறுபாட்டின் ஒரு கூறு ஆய்வுகளில் அரிதாகவே எடுத்துரைக்கப்படுகிறது. புரட்சிக்காலப் பிரான்சு 1791-இல் இயற்றிய தண்டனைத் தொகுப்பு, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்தோர் தமக்குள் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 1810-இல் நெப்போலியன் காலத் தொகுப்பும் அதனை மீண்டும் சேர்க்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் 1819 ஜனவரி 6 ஆணையின்வழி நடைமுறைக்கு வந்தன. வரப்புக்கு அப்பாலோ, 1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் செயற்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆட்சி செய்தது. ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு என்று அது கருதியதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், நெட்டப்பாக்கத்து உழவர் ஒருவர் தம் நிலத்தில் நின்றால் குற்றமாகாத செயல், பக்கத்து நிலத்தில் கால்வைத்தால் சட்டத்தின் கண்ணில் பெருங்குற்றமாயிற்று.

இதனைக் கொண்டு பிரெஞ்சு ஆட்சியை உரிமையின் புகலிடமாகக் காட்டுவது தவறு. 1908-இல் பாரதியும் 1910-இல் அரவிந்தரும் எல்லை கடந்து வந்து பெற்ற அரசியல் அடைக்கலத்தோடு இதனை ஒப்பிடவும் இயலாது. சட்டத்தின் மௌனம் வேறு, பாதுகாப்பு வேறு. 1819 ஆணையே, இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படி தீர்ப்புப் பெறுவர் என்றும் கூறிற்று. அவ்வழக்குகளை ஆய்ந்துரைக்க 1827-இல் இந்திய நீதிநெறி ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. மணம், மகவேற்பு, சொத்துரிமை ஆகியன ஊராரிடமும் உறவினரிடமுமே இருந்தன. ஒருவர் யாரை மணக்க வேண்டும், எப்போது மணக்க வேண்டும் என்பதைத் தண்டனைச் சட்டம் முடிவு செய்யவில்லை, பங்காளிகள் முடிவு செய்தனர். ஒரு பாலாரை மட்டும் நாடுபவர்க்கு அம்முடிவு முழு மறுப்பாக அமைந்திருக்கும். இருபாலாரையும் நாடுபவர்க்கு அது பாதி இசைவாக அமைந்தது. அந்தப் பாதி இசைவே மறு பாதியை எவரும் காணாதபடி செய்தது.

பட்டியலும் கலப்பும்

பாலுறவு குறித்து எழுதாமல் விட்ட அதே ஆட்சி, இனக் கலப்பைக் குறித்து ஓயாமல் எழுதியது. புதுச்சேரிக் கப்புச்சின் துறவியரின் கோவிற்பற்று ஐரோப்பியர்க்கும் ‘தொப்பாசு’ எனப்பட்ட கலப்பினத்தார்க்கும் உரியதாக இருந்தது. தமிழ்க் கிறித்தவர்க்குத் தனிக் கோவிற்பற்று. ஆளுநராக இருந்த அல்பிரெட் மர்த்தினோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுருக்கி வெளியிட்ட 1676 முதல் 1760 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் புரட்டுவோர், பெயருக்கு அருகிலேயே கலப்பைக் குறிக்கும் சொற்கள் ஒட்டிக்கிடப்பதைக் காணலாம். தொப்பி அணிவோர் என்றும், பேச்சு வழக்கில் சட்டைக்காரர் என்றும் உடையைக் கொண்டு இனத்தை அளந்த காலம் அது. உடை மாறினால் இனம் மாறுமோ என்ற ஐயம் அக்காலத்தார்க்கும் இருந்திருக்க வேண்டும். 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காக எழுந்த வழக்கு அவ்வையத்தின் தெளிவான வெளிப்பாடு.

கலப்புப் பிறப்பு எப்போதும் இழிவாக இருந்ததில்லை. 1706-இல் புதுச்சேரியில் பிறந்த ழான் அல்பேர், பிரெஞ்சு மருத்துவர் ஒருவர்க்கும் போர்த்துகீசிய–இந்தியக் குடும்பத்துப் பெண்ணுக்கும் மகள். 1741-இல் டூப்ளேயை மணந்து ஆளுநரின் மனைவியானார். அவருடைய தமிழறிவு அவர்க்கு அரசியல் வலிமையாயிற்று. ‘ழான் பேகம்’ என்ற பெயரும் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவரை அச்சத்தோடும் வெறுப்போடும் பேசுகிறது. 1748-இல் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதிலும் அவர்க்குப் பங்கு உண்டெனக் கூறுகிறது. அவர் இரு மொழிகளிலும் இயங்கியமையே அவ்வச்சத்தின் ஒரு காரணம் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஒரே பக்கத்தைச் சேர்ந்தவரின் சூழ்ச்சி எளிதில் புரிந்துவிடும், இரு பக்கமும் அறிந்தவரின் சொல்லோ எப்போதும் ஐயத்துக்குரியது.

19ஆம் நூற்றாண்டில் இது தேர்தல் சட்டமாக இறுகிற்று. 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்தியர் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான் எனப்பட்டனர். 1884-இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாயினர்: ஐரோப்பியரும் அவர்தம் வழியினரும், ரெனோன்சான்கள், ஏனை இந்தியர். 1899-இல் நடுப்பட்டியல் நீக்கப்பட்டது. கலப்பினத்தார்க்கெனத் தனிப் பட்டியல் எக்காலத்தும் இல்லை. தந்தையால் முறைப்படி ஏற்கப்பட்ட பிள்ளை பொதுவாக முதற்பட்டியலுக்குரியவர், ஏற்கப்படாத பிள்ளை தாயின் ஊரில் இன்னொரு தமிழ்ப்பிள்ளை. ஒரே தந்தைக்குப் பிறந்த இருவர் இரு பட்டியலில் நிற்கக்கூடும். இருவருள் எவரும் தம்மைக் கலப்பினத்தார் எனப் பதிந்துகொள்ள இயலாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய புதுச்சேரித் தமிழருள் பலர் வியத்நாமிய மனைவியரோடு ஊர் திரும்பினர். ‘சொல்தா’ குடும்பங்கள் என்று இன்றும் சுட்டப்படும் இவற்றின் பிள்ளைகள் முகத்தாலும் மொழியாலும் உணவாலும் இரு மரபினர். ஆயினும் கலப்பினம் பற்றிய பிரெஞ்சிந்தியச் சொல்லாடலில் இவர்கள் இடம்பெறுவது குறைவு. வெள்ளைக் குருதி கலந்தால்தான் அது கலப்பு என்று பதிவேடு கருதியது போலும்.

குபேரும் நெட்டப்பாக்கமும்

நெட்டப்பாக்கம் விடுதலை வரலாற்றில் பெயர்பெற்றது 1954 மார்ச் இறுதியில். பிரெஞ்சுக் காவல் நிலையம் கைப்பற்றப்பட்டு இந்தியக் கொடி ஏறியது. எதுவார்ட் குபேர் தலைமையில் தற்காலிக அரசு அங்கிருந்து செயற்பட்டது. குபேர் 1894-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு–இந்தியக் கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர். 1951-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றவர். பிரெஞ்சு ஆட்சியின் தூண் எனக் கருதப்பட்டவர். அவரே இணைப்பு இயக்கத்தின் தலைவரானபோது ‘இருபுறமும் சாய்பவர்’ என்ற பழி அவரைச் சூழ்ந்தது.

அவர்மேல் கூறப்பட்ட அரசியல் குற்றச்சாட்டுகள் அனைத்தும் பொய் என வாதிடுவது இங்கு நோக்கமன்று. ஆயினும் 1954 மார்ச் 18-இல் புதுச்சேரி வட்டாரத்தின் நகராட்சித் தலைவர்கள் பொதுவாக்கெடுப்பின்றி இந்தியாவோடு இணைய வேண்டும் எனத் தீர்மானம் இயற்றினர். அவருள் பலர் சில திங்கள் முன்வரை பிரெஞ்சு ஆதரவாளர்களே. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பேராளருள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நிறம் மாறியவர் குபேர் ஒருவர் அல்லர். எனினும் பிறர் மாற்றம் காலத்தின் மாற்றமாகவும், அவர் மாற்றம் குருதியின் குணமாகவும் படிக்கப்பட்டது. குபேர் இங்குக் கலப்பினப் பிறப்புக்கான சான்றாக மட்டுமே குறிக்கப்படுகிறார். அவர்தம் தனிவாழ்வு குறித்து எதுவும் சுட்டப்படவில்லை. இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அப்பழியின் வடிவம். ‘நிலையற்றவர், இன்னும் முடிவு செய்யாதவர், நேரத்துக்கேற்பப் பக்கம் மாறுபவர்’ என்பன இருபாலீர்ப்பாளர்மேல் எல்லா நாடுகளிலும் சுமத்தப்படும் அதே சொற்கள்.

அம்ரிதா சேர்கில்: எஞ்சிய கடிதங்களும் எரிந்த கடிதங்களும்

இவ்விரு அடையாளங்களும் ஒருவரிடம் சேர்ந்து, எழுத்துச் சான்றாகவும் நிலைத்திருப்பது இந்திய வரலாற்றில் அரிது. அம்ரிதா சேர்கில் அத்தகைய அரிய சான்று. பஞ்சாபின் சீக்கிய உயர்குடியைச் சேர்ந்த உம்ராவ் சிங்குக்கும் அங்கேரியப் பெண்மணி மரி அந்துவானெத்துக்கும் 1913 ஜனவரி 30-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1929 முதல் 1934 வரை பாரிசில் ஓவியம் பயின்றார். நெட்டப்பாக்கத்தில் அன்று நடைமுறையிலிருந்த அதே பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் அவருடைய இளமை கழிந்தது. பின்னர் அவர் வாழ்ந்த சிம்லா, கோரக்பூர் அருகிலுள்ள சராயா, லாகூர் ஆகியன 377ஆம் பிரிவின் எல்லைக்குட்பட்டவை. பெண்கள்மேல் அப்பிரிவு பாய்வது அரிதெனினும் அது வளர்த்த அச்சச் சூழல் ஆண்பெண் வேறுபாடு அறியாதது.

1934-இல் தாய்க்கு எழுதிய கடிதமொன்றில், தோழியொருத்தியோடு தமக்கு உடலுறவு இருந்ததாகக் கிளம்பிய பேச்சை மறுக்கும் அம்ரிதா, பெண்ணோடு உறவு கொள்ளும் எண்ணம் தமக்கு அயலானதன்று என்பதையும் ஒளிவின்றி உரைக்கிறார். ஆண்களோடு அவர் கொண்ட உறவுகள் வெளிப்படையானவை. 1938-இல் தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்தார். திருமணப் பதிவை மட்டும் நோக்கும் வருங்கால ஆய்வாளர்க்கு அம்ரிதா ஓர் இல்லத்தரசி. அக்கடிதம் எஞ்சியதால்தான் மறு பாதி தெரிகிறது.

எல்லாக் கடிதங்களும் எஞ்சவில்லை. 1938-இல் அவர் அங்கேரியில் இருந்தபோது, சிம்லா வீட்டில் அவர் விட்டுச்சென்ற கடிதங்களைப் பெற்றோர் படித்து எரித்தனர். செய்தியறிந்து தந்தைக்கு எழுதிய மடலில் அவர் தம் வேதனையை மறைக்கவில்லை. முதுமையின் தனிமையில் துணையாகும் என வைத்திருந்தவை அவை என்பதே அம்மடலின் சாரம். அவர் முதுமையைக் காணவில்லை. 1941 டிசம்பர் 5-இல், 28ஆம் வயதில் லாகூரில் மறைந்தார். நல்வாழ்வு என்பதை ஆய்வுலகம் பெரும்பாலும் நோயின்மை, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றால் அளக்கிறது. தன் வாழ்வுக்குத் தானே சான்று வைத்துக்கொள்ளும் உரிமையும் நல்வாழ்வின் ஒரு பகுதி என்பதை அந்த மடலைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

அவர் ஓவியங்கள் கடிதங்களைவிடப் பாதுகாப்பாக இருந்தன. 1934-இல் தீட்டிய ‘தாகித்தியப் பெண்ணாகத் தன்னுருவம்’ என்ற ஓவியத்தில், ஐரோப்பிய ஓவியர் அயல்நாட்டுப் பெண்ணை வைத்துப் பார்த்த இடத்தில் தம் மாநிற உடலையே நிறுத்தினார். 1939-இன் ‘இரு பெண்கள்’ வெளிறிய மேனியும் கருத்த மேனியும் அருகருகே அமைந்த படம். இனக் கலப்பின் உருவகமாகவும் பெண்கள் நெருக்கத்தின் சித்திரமாகவும் அதனைப் படிக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் படத்தில் இல்லை. 1936–37 குளிர்காலத்தில் அசந்தா தொடங்கிக் குமரிமுனை வரை பயணம் செய்து திரும்பிய பின் தீட்டிய தென்னிந்திய ஓவியங்களே அவரை ‘இந்திய’ ஓவியராக்கின என்பர் கலை வரலாற்றாசிரியர். அப்பாராட்டிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஐரோப்பியத் தாயின் மகளை முழு இந்தியராக்கிய பிறகே அவர் தேசத்தின் செல்வமானார்.

நல்வாழ்வு: கணக்கில் வந்ததும் வராததும்

சிறுபான்மை அழுத்தம் என்ற கோட்பாட்டை இலான் மேயர் 2003-இல் விரிவாக அமைத்தார். இழிவுபடுத்தும் நிகழ்வுகள் மட்டுமன்றி, இழிவை எதிர்பார்த்திருத்தலும் தன்னை மறைத்தலும் தன்னையே வெறுத்தலும் உடலையும் மனத்தையும் தேய்க்கின்றன என்பது அதன் சாரம். இருபாலீர்ப்பாளரின் மனச்சோர்வும் பதற்றமும் எதிர்பாலீர்ப்பாளரைவிட மிகுதி என்பதும், தன்பாலீர்ப்பாளர்க்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ உள்ளன என்பதும் 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வின் முடிவு. பாதி இசைவு பெற்றவர்க்குத் துயரம் பாதியாக இருக்கும் என்ற பொது எண்ணத்தை இது மறுக்கிறது. இரு குழுவினரும் ‘நீ எங்களவர் அல்லர்’ என்னும்போது ஒளிந்துகொள்ளவும் குழு இல்லாமற்போகிறது. கலப்பினத்தார் தம் குழந்தைப் பருவத்திலேயே அறிந்த நிலை இது. எனவே இரு அடையாளமும் உடையவர்க்குத் துயரம் இரட்டிக்கும் என்று மட்டும் கூறுவது போதாது. ஒன்றில் கற்ற தாங்குதிறன் மற்றொன்றில் பயன்படவும் கூடும். அம்ரிதாவின் நிமிர்வுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டு நகரங்களில் நிகழ்ந்தவை; வினாப் படிவங்கள் தனியாளை நோக்கியவை. பங்காளி வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் நம் ஊர்களில் ‘யாரிடம் வெளிப்படுத்தினீர்?’ என்ற வினாவுக்கே பொருள் வேறு. தமிழ்ச்சூழலில் இருபாலுறவு கொண்ட ஆண்கள் ஆவணத்தில் ஏறியதே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டக் காலத்தில்தான். திருநங்கையர் தம் வழக்கில் ‘பந்தி’ என்று குறிக்கும் ஆண்களுள் பலர் மனைவி மக்களோடு வாழ்பவர். கூவாகம் திருவிழாவைப் பற்றி எழுதுவோர் திருநங்கையரின் தாலியறுப்பை விரிவாக எழுதுகின்றனர். அங்கு வந்து போகும் இவ்வாண்களைக் கூட்டமாகக் கண்டு கடக்கின்றனர். நோய்ப்பரவலியலோ அவர்களைக் கிருமி கடக்கும் ‘பாலம்’ என்றது. மனைவியின் நலனுக்காக அவ்வெச்சரிக்கை தேவையானதே. எனினும் பாலத்துக்கு வலிக்குமா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. பெண்களைப் பற்றி அந்த அளவு பதிவும் இல்லை.

1963-க்குப் பின்

1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு 7ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டத்தின்வழி, 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பிரிவுகளோடு 377-உம் சந்தடியின்றி நெட்டப்பாக்கத்துக்குள் நுழைந்தது. அந்நாளில் புதுச்சேரியின் முதலமைச்சர், ஒன்பதாண்டு முன் அதே ஊரில் தற்காலிக அரசு நடத்திய குபேரே. அடிமைத்தளை அறுந்த பின், ஆங்கிலேய அடிமைக்காலச் சட்டம் ஒன்று முதன்முறையாக ஓர் ஊரை ஆளத் தொடங்கிய விந்தையை விடுதலை வரலாறுகள் குறிப்பதில்லை. வயதுவந்தோரின் இசைந்த உறவை அப்பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6-இல். நெட்டப்பாக்கம் அதன் கீழ் இருந்தது 55 ஆண்டுகள். வரப்புக்கு அப்பால் 156 ஆண்டுகள்.

அதன் பின்னர் மாற்றங்கள் விரைந்தன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் பாலீர்ப்பைக் காரணமாகக் கொண்டு மருத்துவத்தில் வேறுபாடு காட்டுவதை முன்னரே தடை செய்திருந்தது. புதுச்சேரிக்கும் அதிகாரம் உடைய சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-இல், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடுக்க ஆணையிட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் மதிப்புறு சொற்களின் தொகுதியை அரசிதழில் வெளியிட்டது. தன்னைக் குறிக்க வசையல்லாத ஒரு தமிழ்ச்சொல் கிடைப்பது சிறிய செய்தியன்று. கலப்பினத்தார்க்கு அத்தகைய சொல் இன்னும் வாய்க்கவில்லை. சட்டைக்காரர் என்பதே கிண்டலோடு நிற்கிறது.

திருமணத்தில் பழைய எல்லை புதிய வடிவில் தொடர்கிறது. 1962-இல் புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு திங்களுக்குள் எழுதிக்கொடுத்தாலன்றி இந்தியக் குடிமக்களாயினர். ஒரு வீட்டில் தமையன் எழுதிக்கொடுத்தார், தம்பி எழுதிக்கொடுக்கவில்லை என்பது புதுச்சேரியில் கேட்டுப் பழகிய கதை. 2013 மே 17-இன் பிரெஞ்சுச் சட்டம் ஒரு பாலினத்தார் மணத்தை ஏற்றது. 2023 அக்டோபர் 17-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை வழங்க மறுத்தது. இந்தியக் குடிமக்களான ரெனோன்சான் வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இன்றும் பொருந்துகிறது. ஆனால் அது 1962-இல் உறைந்துபோன பழைய வடிவம். எனவே எழுதிக்கொடுத்த தமையனின் பேத்தி, ஆணை மணந்தாலும் பெண்ணை மணந்தாலும் பிரான்சின் பதிவேட்டில் தன் துணையின் பெயரை எழுதலாம். எழுதிக்கொடுக்காத தம்பியின் பேத்திக்குப் புதுச்சேரிப் பதிவேட்டில் அவற்றுள் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் உண்டு.